எட்டு நிமிஷ எய்ட் பால்

போன வருஷம் எங்க ஹாஸ்டல் பூல் டோர்னமென்ட்டோட ஃபைனல் டாஸ் போட்டு முடிஞ்சது. டாஸ் போட்டு ஆட்டத்தை ஆரம்பிப்பாங்க, தெரியும். நாங்க டாஸ் போட்டு முடிச்சோம்.

16 பேர், ஒரே ஒரு டேபிள். சாயங்காலம் 5 மணிக்கு ஆரம்பிச்சா 10 மணிக்கு ரெக்ரியேஷன் ரூமைப் பூட்டுறதுக்குள்ள முடிஞ்சிடும்னு கணக்குப் போட்டு ஃபிக்ஸர் எழுதினது நான்தான். 9.50க்கு ஃபைனல். ஒரு பக்கம் ஃபைனல் இயர் சீனியர், இன்னொரு பக்கம் செகண்ட் இயர் பையன். ரெண்டு பேருக்கும் தலா மூணு பந்து மிச்சம் இருக்கும்போது வாட்ச்மேன் அண்ணா சாவியோட வந்து நின்னுட்டார். "தம்பி, இன்னும் எவ்ளோ நேரம்?" என்றார். பதில் சொல்ல முடியலை. யாரோ பாக்கெட்ல இருந்து ஒரு காயினை எடுத்தாங்க. செகண்ட் இயர் பையன் தோத்தான். காலிறுதி, அரையிறுதி எல்லாம் அவன் ஆடின ஆட்டத்தைப் பார்த்தவங்க யாரும் அன்னைக்கு நல்லாத் தூங்கியிருக்க மாட்டாங்க. குறிப்பா நான்.

அதுக்கப்புறம்தான் எய்ட் பாலை எப்படி வேகமா ஆடுறதுன்னு ஒழுங்கா யோசிக்க ஆரம்பிச்சேன். ஒரு விஷயம் தெளிவாச்சு. ஆட்டத்தை வேகமாக்க நிறைய வழி இருக்கு, ஆனா எல்லா வழியும் ஒண்ணு இல்லை. நேரத்தை எங்கிருந்து வெட்டுறோம் என்பதைப் பொறுத்து யார் ஜெயிப்பாங்க, யாருக்கு ஆடக் கிடைக்கும் என்பதே மாறிடும்.

மொபைல்ல 4 நிமிஷம், டேபிள்ல ஏன் 20?

உங்கள்ல பாதிப் பேர் எய்ட் பாலை முதல்ல கத்துக்கிட்டது மொபைல்லதான் இருக்கும். மினிக்ளிப்போட 8 பால் பூல்ல ஒரு கேம் டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும். அதே ஆட்டத்தை நிஜ டேபிள்ல, நம்மள மாதிரி சுமாரா ஆடுற ரெண்டு பேர் ஆடினா 20 நிமிஷம் சர்வ சாதாரணமாப் போகும். ஏன்?

மொபைல்ல பந்து போற பாதைக்கு கோடு காட்டுறாங்க என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமா மூணு விஷயம் இருக்கு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் டைமர் ஓடுது. ஃபவுல் ஆனா எதிராளி வெள்ளைப் பந்தை எங்க வேணும்னாலும் வச்சு அடிக்கலாம். பந்து அடுக்குறது, சாக் தேய்க்கிறது, "டேய் யார் டர்ன்?" என்று கேட்கிறது எதுவுமே கிடையாது. இதுல கோட்டைத் தவிர மத்த மூணையும் நிஜ டேபிளுக்குக் கொண்டுவர முடியும்.

ஆட்டமே தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி: டேபிள்ல 15 நம்பர் பந்து, ஒரு வெள்ளைப் பந்து. 1 முதல் 7 வரை முழு நிறம், அதாவது சாலிட்ஸ். 9 முதல் 15 வரை பட்டை போட்டது, அதாவது ஸ்ட்ரைப்ஸ். ஒருத்தருக்கு ஒரு குரூப். உங்க ஏழையும் போட்டு முடிச்சிட்டு, கடைசியா கருப்பு 8ஐ சொன்ன பாக்கெட்ல போடணும். முன்னாடியே 8ஐ போட்டுட்டா தோல்வி.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. நீங்க 10 ஷாட் அடிச்சா 4 விழும்னு வச்சுக்குவோம். ஹாஸ்டல் லெவலுக்கு இது மோசமில்லை. ஜெயிக்க 8 பந்து போடணும். 8ஐ 0.4 ஆல் வகுத்தா 20. அதாவது ஒருத்தருக்கு சராசரியா 20 ஷாட், ரெண்டு பேருக்கும் சேர்த்து 40. டேபிளைச் சுத்தி நடந்து, குனிஞ்சு, நிமிர்ந்து, திரும்பக் குனிஞ்சு அடிக்க ஷாட்டுக்கு 30 நொடி ஆனா, மொத்தம் 20 நிமிஷம். ஒருத்தர் முடிக்கும்போது இன்னொருத்தருக்கு மிச்சம் இருக்கும் என்பதால உண்மையில கொஞ்சம் குறையும். ஆனா ஃபவுல், வாக்குவாதம், நடுவுல வர்ற போன் எல்லாம் சேர்த்தா கணக்கு சரியாயிடும்.

இந்தக் கணக்கை உத்துப் பாருங்க. நேரத்தை வெட்ட நாலே நாலு இடம்தான் இருக்கு: ஷாட்டுக்கு ஆகும் நொடி, பந்து விழுற வாய்ப்பு, போட வேண்டிய பந்துகளின் எண்ணிக்கை, மேட்ச்ல எத்தனை ஃப்ரேம் என்பது. ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

1. ஷாட் கிளாக்: நொடியை வெட்டுறது

தொழில்முறைப் போட்டிகள்ல இது பழகிப்போன விஷயம். மேட்ச்ரூம் நடத்துற பெரிய நைன் பால் போட்டிகள்ல ஷாட்டுக்கு 30 நொடி. ஒரு ரேக்குக்கு ஒரு தடவை எக்ஸ்டென்ஷன் கேட்டு இன்னொரு 30 நொடி வாங்கிக்கலாம்.

இதையே இன்னும் தீவிரமாப் பண்ணிப் பார்த்தது ஸ்நூக்கர்தான். 2011ல இருந்து நடக்கிற ஸ்நூக்கர் ஷூட் அவுட்ல ஒரு மேட்ச் என்பது ஒரே ஃப்ரேம், அதுவும் 10 நிமிஷம். முதல் 5 நிமிஷத்துக்கு ஷாட்டுக்கு 15 நொடி, அடுத்த 5 நிமிஷத்துக்கு 10 நொடி. நேரம் முடியும்போது யார் ஸ்கோர் அதிகமோ அவங்க ஜெயிச்சாங்க. சமம்னா நீலப் பந்தை மாத்தி மாத்தி அடிச்சு முடிவு பண்ணுவாங்க. கூட்டம் கத்திக்கிட்டே இருக்கும், பார்க்க செம ஜாலி. ஆனா 2017ல இதை ரேங்கிங் போட்டியா மாத்தினப்போ, இவ்வளவு குட்டி ஆட்டத்துக்கு ரேங்கிங் மதிப்பு கொடுக்கலாமான்னு வீரர்கள் சிலரே கேள்வி கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதுக்குக் கடைசியில திரும்ப வருவோம்.

நமக்கு இது எவ்வளவு உதவும்? நம்ம ஊர் ஆட்டம் இழுக்குறதுக்கு ரொம்ப யோசிக்கிறது மட்டும் காரணம் இல்லை. பந்து விழாததுதான் பெரிய காரணம். 30 நொடியை 25 ஆக்கினா ஆறுல ஒரு பங்கு நேரம் மிச்சமாகும், அவ்வளவுதான். 15 ஆக்கினா புதுசா ஆட வந்தவன் பதறிப்போய் அடிப்பான், விழ வேண்டியதும் விழாது, ஆட்டம் இன்னும் நீளும். அதனால கிளாக்கை வேகத்துக்காக வைக்காதீங்க. 2 நிமிஷம் டேபிளையே முறைச்சுப் பார்க்கிற ஒரு ஆளைக் கட்டுப்படுத்த வைங்க. போன்ல ஒரு டைமர், 30 நொடி, ஃப்ரேமுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன். போதும்.

2. பால் இன் ஹேண்ட்: ஃபவுலுக்கு விலை வைக்கிறது

நிறைய இடத்துல வீட்டு விதி ஒண்ணு இருக்கு. ஃபவுல் ஆனா எதிராளி வெள்ளைப் பந்தை பிரேக் அடிக்கிற கோட்டுக்குப் பின்னாடி வச்சு முன்பக்கமா மட்டும்தான் அடிக்கணும். கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா அவரோட பந்துகள் கோட்டுக்குப் பின்னாடியே கிடந்தா என்ன ஆகும்? ஃபவுல் பண்ணினது நீங்க, மாட்டிக்கிட்டது அவர். அவர் அடிச்சு விழாது, அடுத்து நீங்க, அப்புறம் அவர். ஆட்டம் சவ்வா இழுக்கும்.

உலக பூல் சங்கமான டபிள்யூபிஏவோட விதி வேற. பிரேக்குக்கு அப்புறம் சாதாரண ஃபவுல் எதுவா இருந்தாலும், எதிராளி வெள்ளைப் பந்தை டேபிள்ல எங்க வேணும்னாலும் வைக்கலாம். இதான் பால் இன் ஹேண்ட். வெள்ளைப் பந்து பாக்கெட்ல விழுந்தா, உங்க குரூப் பந்து முதல்ல படலைன்னா, பட்ட பிறகு எந்தப் பந்தும் விழாமலும் குஷனைத் தொடாமலும் இருந்தா, எல்லாத்துக்கும் இதே தண்டனை.

இந்த ஒரு மாற்றத்துக்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு ஃபவுலுக்கு அடுத்த ஷாட் கிட்டத்தட்ட நிச்சயமா விழும். கொஞ்சம் தெரிஞ்ச ஆளுன்னா ரெண்டு மூணு பந்து வரிசையா விழும். இன்னொரு நல்லதும் இருக்கு. குஷனை ஒட்டிக் கிடக்கிற பந்து, ரெண்டு மூணா சேர்ந்து ஒட்டிக்கிடக்கிற பந்துகள், இதெல்லாம்தான் நடு ஆட்டத்துல நம்மளைக் கொல்லும். வெள்ளையை நினைச்ச இடத்துல வைக்க முடிஞ்சா அதைப் பிரிச்சு விடவும் வழி கிடைக்கும்.

புதுசா ஆடுறவங்களுக்கு இது கொடுமையா இருக்காதான்னு கேட்கலாம். முதல் ரெண்டு நாள் இருக்கும். ஆனா "சும்மா ஓங்கி அடிப்போம், எதாவது விழும்" என்கிற பழக்கத்தை இதைவிட வேகமா நிறுத்துற வாத்தியார் கிடையாது.

கூடவே ஒரு சின்னத் தளர்வு: 8ஐத் தவிர மத்த பந்துகளுக்குப் பாக்கெட் சொல்ல வேண்டாம். டபிள்யூபிஏ விதிப்படி சொல்லணும். ஆனா அமெரிக்காவோட பெரிய அமெச்சூர் லீக்கான ஏபிஏவுல 8க்கு மட்டும் சொன்னா போதும். "நான் அந்த பாக்கெட்டைத்தான் நினைச்சேன் மச்சான்" என்கிற சண்டைக்கே இடமில்லை. அதிர்ஷ்டத்துல ஒண்ணு ரெண்டு விழும், விழட்டும்.

3. சின்ன ரேக்: பந்தை வெட்டுறது

இதுதான் பெரிய வெட்டு. 1 முதல் 4, 9 முதல் 12, நடுவுல 8. மொத்தம் 9 பந்து. நைன் பாலுக்கு அடுக்குற மாதிரியே வைர வடிவத்துல அடுக்குங்க, 8 சரியா மையத்துல. ஜெயிக்க 4ம் அப்புறம் 8ம். மத்த விதியெல்லாம் அப்படியே. இதுக்கு எந்தச் சங்கத்தோட முத்திரையும் கிடையாது. நாங்க எங்க ரூம்ல ஆடுற வடிவம், அவ்வளவுதான். பிரேக்ல மட்டும் குறைஞ்சது 3 பந்து குஷனைத் தொடணும் அல்லது ஒரு பந்து விழணும்னு வச்சிருக்கோம். முழு ரேக்குக்கு டபிள்யூபிஏ விதியில அது 4.

கணக்கைத் திரும்பப் போடுங்க. 5ஐ 0.4 ஆல் வகுத்தா 12.5 ஷாட், ரெண்டு பேருக்கும் சேர்த்து 25. ஆனா டேபிள்ல கூட்டம் குறைஞ்சதால மறைக்கிற பந்தும் குறைவு. பால் இன் ஹேண்டும் இருக்கு. அதனால 10க்கு 5 விழும்னு வச்சுக்கலாம். அப்ப ஒருத்தருக்கு 10 ஷாட், மொத்தம் 20. ஷாட்டுக்கு 25 நொடின்னா 500 நொடி. எட்டு நிமிஷம் சொச்சம். தலைப்பு இங்கிருந்து வந்ததுதான்.

இதுல எதை இழக்குறோம் என்பதையும் சொல்லிடணும். முழு எய்ட் பாலோட அழகே நெரிசல்தான். சாலிட்ஸா ஸ்ட்ரைப்ஸா என்று யோசிச்சு எடுக்கிறது, ஒட்டின பந்துகளை எப்ப பிரிக்கிறது, 8க்கு முன்னாடி கடைசியா எந்தப் பந்தை வச்சுக்கிறது, எதிராளியோட பந்துகளையே நமக்குச் சுவரா பயன்படுத்துறது. 9 பந்துல இதெல்லாம் பாதியாக் குறையும். சாம்பார் சாதம் இருக்கு, அப்பளம் இல்லை என்கிற மாதிரி. வயிறு நிறையும். ஆனா சனி, ஞாயிறு கூட்டம் இல்லாதப்போ முழு ரேக்கும் ஆடுங்க.

பந்தைக் குறைக்கிறது புதுசு இல்லை

"இதெல்லாம் ஏமாத்து ஆட்டம்" என்று சொல்ற சீனியர்களுக்கு ஒரு தகவல். உலகத்துல அதிகமாத் தெரிஞ்ச பூல் ஆட்டம் எய்ட் பால். ஆனா உலக சாம்பியன்ஷிப் முதல்ல வந்தது நைன் பாலுக்கு, 1990ல. எய்ட் பாலுக்கு 2004லதான் வந்துச்சு. முதல் சாம்பியன் பிலிப்பைன்ஸோட எஃப்ரென் ரெயஸ். ஆட்டம் குறைஞ்ச பந்துல சீக்கிரம் முடியுறது டிவிக்கும் போட்டி நடத்துறவங்களுக்கும் எவ்வளவு வசதின்னு சொல்லத் தேவையில்லை.

இன்னொரு கதை இன்னும் சுவாரசியம். சிக்ஸ் பால்னு ஒரு ஆட்டம் இருக்கு. நைன் பால் மாதிரியேதான்: டேபிள்ல இருக்கிற சின்ன நம்பரை முதல்ல தொடணும், 6ஐ போட்டவர் ஜெயிச்சார். இது எப்படி வந்துச்சுன்னு மினசோட்டா ஃபேட்ஸ் என்கிற பேர்ல புகழ்பெற்ற ருடால்ஃப் வாண்டெரோன் ஒரு காரணம் சொல்லியிருக்கார். 20ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல பூல் ஹால்கள்ல ஒரு ரேக்குக்கு, அதாவது 15 பந்துக்குக் காசு. நைன் பால் ஆடினா 9 போயிடும், காசு கொடுத்த 6 பந்து சும்மா கிடக்கும். அதை ஏன் விடணும்னு அந்த ஆறை வச்சே இன்னொரு ஆட்டம். கொடுத்த காசுக்கு முழுசா ஆடிட்டுத்தான் போவேன் என்கிற இந்த மனசு நம்ம ஹாஸ்டலுக்கு அந்நியம் இல்லைன்னு நினைக்கிறேன்.

ஆள் அதிகம், டேபிள் ஒண்ணு

டோர்னமென்ட் இல்லாத சாதாரண நாள்ல பிரச்சினை வேற. ஜெயிச்சவன் நிப்பான், தோத்தவன் போவான், அடுத்தவன் வருவான். ரெண்டரை மணி நேரத்துல 20 நிமிஷ ஃப்ரேம்னா ஏழெட்டு ஃப்ரேம்தான். நல்லா ஆடுற ஒருத்தன் டேபிளைப் பிடிச்சுட்டா அவன் ஏழு ஃப்ரேம் ஆடுவான், மத்தவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. அதுலயும் ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒரு மணி நேரம் சுவர்ல சாஞ்சு நின்னு, மூணு ஷாட் அடிச்சிட்டு, மறுநாள் வரமாட்டான். நல்லா ஆடுறவன் இன்னும் நல்லா ஆடுவான், தெரியாதவன் தெரியாமலே டிகிரி வாங்கிட்டுப் போவான். எட்டு நிமிஷ ஃப்ரேம்ல அதே ரெண்டரை மணி நேரத்துக்கு 18 ஃப்ரேம் வரும். கூடவே "தொடர்ந்து ரெண்டு ஜெயிச்சா நீயும் கியூவுக்குப் போ" என்று ஒரு விதி வச்சா, சுவர்ல சாஞ்சு நிக்கிற கூட்டம் கரைஞ்சிடும்.

இன்னும் ஆள் அதிகமா இருந்தா இந்த மூணையும் முயற்சி பண்ணுங்க.

கில்லர்: இங்கிலாந்து பப்கள்ல பிரபலமான ஆட்டம். 5 பேர், 8 பேர், எத்தனை பேர்னாலும் சேரலாம். ஆளுக்கு மூணு உயிர். உங்க முறை வரும்போது ஒரே ஒரு ஷாட். எந்தப் பந்தை வேணும்னாலும் போடலாம். விழுந்தா தப்பிச்சீங்க. விழலைன்னாலோ ஃபவுல் ஆனாலோ ஒரு உயிர் போச்சு. கடைசியா உயிரோட இருக்கிறவர் ஜெயிச்சார். யாரும் ஒரு நிமிஷத்துக்கு மேல டேபிளைப் பிடிச்சு வைக்க முடியாது. போர்டுல பேர் எழுதி மூணு கோடு போட்டா ஸ்கோர்போர்டு ரெடி.

த்ரீ பால்: மூணே மூணு பந்தை முக்கோணமா வச்சு பிரேக் அடிச்சு, மூணையும் போட உங்களுக்கு எத்தனை ஷாட் ஆச்சுன்னு எண்ணணும். பிரேக்கும் ஒரு ஷாட். ஒருத்தர் முடிச்ச பிறகு அடுத்தவர் திரும்ப அடுக்கி ஆடுவார். குறைஞ்ச எண்ணிக்கை ஜெயிச்சது. தனியா பயிற்சி எடுக்கவும் இதைவிட நல்ல ஆட்டம் இல்லை.

ஸ்காட்ச் டபுள்ஸ்: ரெண்டு ரெண்டு பேரா ஜோடி. ஒரே ஜோடிக்குள்ள ஷாட் மாத்தி மாத்தி அடிக்கணும். நீங்க ஒரு பந்தைப் போட்டா அடுத்த ஷாட் உங்க பார்ட்னரோடது. நல்லா ஆடுறவரோட புதுசா வந்தவரைச் சேர்த்து விடுங்க. வெள்ளையை எங்க நிறுத்தணும்னு நல்லா ஆடுறவர் யோசிச்சே ஆகணும், ஏன்னா அடுத்து அடிக்கப் போறது புதுசா வந்தவர். ஒரு வாரத்துல அவர் கத்துக்கிற அளவு வேற எதுலயும் கத்துக்க முடியாது.

4. ஃப்ரேம் எண்ணிக்கை: கடைசியா வெட்ட வேண்டியது

டோர்னமென்ட்னு வந்தா எல்லாரும் முதல்ல வெட்டுறது இதைத்தான். நானும் அதான் பண்ணினேன். "நேரம் இல்லப்பா, ஒரு மேட்சுக்கு ஒரு ஃப்ரேம்" என்று. அதுதான் தப்பு. ஏன்னு கணக்கே சொல்லும்.

A என்கிறவர் Bயை விட நல்லா ஆடுறவர், 10 ஃப்ரேம்ல 6 ஜெயிப்பார்னு வச்சுக்குவோம். ஒரே ஃப்ரேம்னா A ஜெயிக்கிற வாய்ப்பு 60 சதவீதம். முதல்ல 2 ஃப்ரேம் எடுக்கிறவர் ஜெயிச்சார்னா அது 65. முதல்ல 3 எடுக்கணும்னா 68. முதல்ல 5 என்றா 73. முதல்ல 7 என்றா 77. ப்ராபபிலிட்டி பேப்பர்ல அரியர் வச்சவங்களும் பைனாமியல் போட்டு சரிபார்க்கலாம். மேட்ச் நீளமாக ஆக திறமை பேசும், குறையக் குறைய அதிர்ஷ்டம் பேசும்.

இப்ப எங்க பழைய டோர்னமென்ட்டைப் பாருங்க. 16 பேர், நாக் அவுட். ஒவ்வொரு மேட்ச்லயும் ஒருத்தர் வெளிய போகணும், 15 பேர் வெளிய போகணும், அதனால 15 மேட்ச். 20 நிமிஷ ஃப்ரேம் ஒண்ணுன்னா 300 நிமிஷம். சரியா 5 மணி நேரம், ஒரு நிமிஷம் கூட மிச்சம் இல்லை. பந்து அடுக்க, ஆளைத் தேட, சண்டை போட நேரமே விடலை. டாஸ் வராம என்ன வரும்?

அதே 5 மணி நேரம், எட்டு நிமிஷ ஃப்ரேம், முதல்ல 2 எடுக்கிறவர் ஜெயிச்சார். சராசரியா ஒரு மேட்சுக்கு ரெண்டரை ஃப்ரேம், அதாவது 20 நிமிஷம். 15 மேட்ச், அதே 300 நிமிஷம்தான்.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும்: ஃப்ரேமே சின்னதாயிட்டா அதுலயும் அதிர்ஷ்டம் கூடுமே? கூடும். Aவோட 60 குறைஞ்சு 58 ஆகுதுன்னு வச்சாலும், ரெண்டு ஃப்ரேம் மேட்ச்ல அவருக்கு 62 வருது. பெரிய லாபம் இல்லை, ஒத்துக்கிறேன். ஆனா நஷ்டமும் இல்லை. அதைவிடப் பெருசா வேற ஒண்ணு கிடைக்குது: முதல் ரவுண்டுலயே தோக்குற 8 பேரும் குறைஞ்சது ரெண்டு ஃப்ரேம் ஆடிட்டுப் போறாங்க. ஒரு தடவை பிரேக் அவருக்கு, ஒரு தடவை இவருக்கு. "பிரேக்லயே போச்சுடா" என்று யாரும் புலம்ப முடியாது.

இன்னும் கொஞ்சம் நேரம் சும்மாவே கிடைக்கும். ஒரு மேட்ச் நடக்கும்போது அடுத்த ரெண்டு பேர் டேபிள் பக்கத்துலயே இருக்கணும், ரேக் அடுக்குறது அவங்க வேலை. 5 நிமிஷத்துல வரலைன்னா ஒரு ஃப்ரேம் போச்சு. இதெல்லாம் ஆட்டத்துல இருந்து எதையும் எடுக்கலை, வெட்டியாப் போற நேரத்தைத்தான் எடுக்குது. வெட்டணும்னா முதல்ல இங்கதான் வெட்டணும்.

இந்த வருஷத்துக்கான விதிகள்

சுவர்ல ஒட்ட வேண்டிய பேப்பர் இதான். வேணும்னா நீங்களும் எடுத்துக்கோங்க.

1. 9 பந்து ரேக், 8 மையத்துல. முதல்ல 2 ஃப்ரேம் எடுக்கிறவர் வெற்றி. ஃபைனல் மட்டும் முதல்ல 3. பிரேக் மாறி மாறி.
2. எந்த ஃபவுலுக்கும் பால் இன் ஹேண்ட், டேபிள்ல எங்கயும்.
3. 8க்கு மட்டும் பாக்கெட் சொல்லணும். 8ஐ அடிக்கும்போது வெள்ளையும் சேர்ந்து விழுந்தா தோல்வி. 8 விழாம வெள்ளை மட்டும் விழுந்தா வெறும் ஃபவுல்தான், தோல்வி இல்லை.
4. பிரேக்லயே 8 விழுந்தா வெற்றி கிடையாது. 8ஐ திரும்ப வச்சு ஆடலாம், இல்லைன்னா பிரேக் அடிச்சவர் மறுபடி பிரேக் அடிக்கலாம்.
5. ஷாட்டுக்கு 30 நொடி, ஃப்ரேமுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன். டைமர் அடுத்து ஆடப் போறவர் கையில.
6. ரெண்டு பேரும் பந்தைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கிட்டே இருந்தா, ஆளுக்கு மூணு முறை கொடுத்துப் பார்த்து, அப்புறமும் நகரலைன்னா திரும்ப அடுக்கணும். அதே ஆள் பிரேக்.
7. மேட்சுக்கு 25 நிமிஷ உச்சவரம்பு, ஃபைனலுக்கு 40. நேரம் முடிஞ்சா ஃப்ரேம்ல முன்னாடி இருக்கிறவர் வெற்றி. சமம்னா 8ஐ டேபிளோட ரேக் புள்ளியில வச்சு, பிரேக் கோட்டுக்குப் பின்னாடி இருந்து ஆளுக்கு ஒரு ஷாட். ஒருத்தர் போட்டு இன்னொருத்தர் விடுற வரைக்கும்.
8. முதல் ரவுண்டு ஒரு நாள், காலிறுதியில இருந்து மறுநாள். ஒரே ராத்திரியில முடிச்சே ஆகணும்னு யாரும் நம்மகிட்ட கேட்கலை.

ஏழாவது விதியை எழுதும்போதுதான் எனக்கு உண்மையிலேயே நிம்மதியா இருந்துச்சு. ஷூட் அவுட் மேல வந்த அந்தக் கேள்விக்கும் என் பதில் இதான். சின்ன ஆட்டத்துல அதிர்ஷ்டம் இருக்கும், தவிர்க்க முடியாது. ஆனா கடைசி முடிவு ஆடுறவங்க கையில இருக்கிற க்யூவால வரணும், பார்க்க வந்தவன் பாக்கெட்ல இருக்கிற காயினால வரக்கூடாது.

அந்த செகண்ட் இயர் பையன் இப்ப தேர்ட் இயர். இந்த வருஷ ஃபிக்ஸர்ல அவன் பேரை நான்தான் முதல்ல எழுதினேன். விதிகளை அவன்கிட்ட காட்டினப்போ ஏழாவதை ரெண்டு தடவை படிச்சுட்டு, "அண்ணா, அந்த 8 ஷாட்டை இன்னைக்கே பிராக்டிஸ் பண்ணலாமா?" என்று கேட்டான். டேபிள்ல ஆள் இருந்தாங்க. எட்டு நிமிஷம் காத்திருந்தோம்.